ஸ்கேனரில் கென்னடி டவர்: இவர்கள் பேசுவது எப்படித்தான் புரியும்?

ஒரு வாசகர் கேட்டது, ஜூன் 2

நியூயார்க் குவீன்ஸில் இருக்கிறேன். ஸ்கேனர் ரேடியோ ஒன்று வாங்கி, கென்னடி விமான நிலையத்து டவர் பேசுகிற 119.1 வைத்துக் கேட்கிறேன். அமெரிக்கா வந்து பல வருஷம் ஆகிறது, ஆபீஸில் நாள் முழுக்க ஆங்கிலம்தான், ஆனால் இதில் ஒரு வாக்கியம்கூட முழுதாகப் பிடிபடவில்லை. "ஹெவி", "டூ டூ", "குட் டே", இவ்வளவுதான் காதில் விழுகிறது. பைலட்டுகளுக்கு மட்டும் எப்படிப் புரிகிறது? அவர்களிடம் இருப்பது உசத்தி ரேடியோவா? இல்லை, புரிந்த மாதிரி சும்மா ரோஜர் சொல்லிவிட்டுப் போகிறார்களா?

ஜூன் 3

ரேடியோ உங்களுடையதைவிட நன்றாகத்தான் இருக்கும், காதோடு ஒட்டிய ஹெட்செட்டும் உண்டு. ஆனால் விஷயம் அதில் இல்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று பைலட்டுக்கு முன்னாலேயே தெரியும். இறங்க வருகிற ஒருவரிடம் அப்ரோச் கன்ட்ரோலர், அதாவது ஓடுபாதைவரை வழிகாட்டிக் கொண்டுவருபவர், சொல்லக்கூடியவை மிஞ்சிப்போனால் ஏழெட்டு விஷயம். எந்தப் பக்கம் திரும்பு, எந்த உயரத்துக்கு இறங்கு, வேகத்தைக் குறை, முன்னால் இன்னார் போகிறார், இனி இவரிடம் பேசு, இப்படி. இதில் எண்கள் மட்டும்தான் புதுசு. அவர் எண்களைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறார். நீங்கள் மொத்த வாக்கியத்தையும் பிடிக்கப் பார்க்கிறீர்கள், அதனால்தான் ஒன்றும் சிக்குவதில்லை. சென்னை டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கத்துகிற ஸ்டாப் பெயர் தினமும் போகிறவனுக்கு முதல் எழுத்திலேயே புரிந்துவிடும், வெளியூர்க்காரனுக்கு இரண்டு தடவை சொன்னாலும் புரியாது. அந்தக் கதைதான்.

ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறேன். "ஜெட்ப்ளூ சிக்ஸ் ட்வென்ட்டி ஃபோர், ஃபைவ் மைல்ஸ் ஃப்ரம்", இங்கே ஒரு ஐந்தெழுத்துப் பெயர் வரும், அப்புறம் "டர்ன் லெஃப்ட் ஹெட்டிங் டூ ஃபைவ் ஜீரோ, மெயின்டெய்ன் டூ தவுசண்ட் அன்டில் எஸ்டாப்ளிஷ்ட், கிளியர்ட் ஐஎல்எஸ் ரன்வே டூ டூ லெஃப்ட் அப்ரோச்". ஒரே மூச்சு, இடையில் காற்புள்ளிகூடக் கிடையாது. ஆனால் வரிசை எப்போதும் இதுதான்: நீ எங்கே இருக்கிறாய், எங்கே திரும்ப வேண்டும், எந்த உயரத்தில் இருக்க வேண்டும், எதற்கு அனுமதி. ஐந்தெழுத்துப் பெயர் வானத்தில் குறித்து வைத்த ஒரு புள்ளி, அதிலிருந்து 5 மைலில் இருக்கிறார். ஓடுபாதை 22 என்றால் காந்த திசைகாட்டிப்படி சுமார் 220 டிகிரி நோக்கியது, லெஃப்ட் என்றால் இணையாக இருக்கிற இரண்டில் இடப்பக்கத்தது. 250 டிகிரியில் வந்தால் அந்த நேர்கோட்டை 30 டிகிரிக்கு உட்பட்ட சாய்வில் வெட்டும், அந்தக் கோட்டை ரேடியோ அலையால் காட்டுவதுதான் ஐஎல்எஸ், விமானத்தின் கருவி அதைப் பிடிக்கும், பிடிக்கும்வரை 2,000 அடியில் இரு, பிடித்ததும் கோட்டோடு இறங்கு. இடப்பக்கம் திரும்பச் சொன்னதிலிருந்து, அவர் கடல் பக்கமிருந்து வந்திருக்கிறார் என்பதுவரை ஊகிக்கலாம்.

ரோஜர் பற்றி: அதற்கு "நீ சொன்னது முழுதும் வந்து சேர்ந்தது" என்பது மட்டும்தான் பொருள். ஆமாம் என்றோ செய்கிறேன் என்றோ ஆகாது. திசை, உயரம், ஓடுபாதை சொன்னால் வெறும் ரோஜர் போதாது, எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஜூன் 3, இரவு

சொல்ல விட்டுப்போனது. அந்தத் திருப்பிச் சொல்வதற்கு ரீட்பேக் என்று பெயர், உங்களைப் போல் ஆரம்பிப்பவருக்கு அதுதான் வரப்பிரசாதம். ஒவ்வொரு உத்தரவும் இரண்டு தடவை, இரண்டு குரலில் வருகிறது. முதல் தடவை கன்ட்ரோலர் விழுங்கியதை இரண்டாம் தடவை பைலட்டிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். நான் ஆரம்பத்தில் கன்ட்ரோலரை விட்டுவிட்டு பைலட்டுகளை மட்டும்தான் கவனித்தேன்.

அப்புறம், அப்ரோச்சில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஏடிஸ் கேளுங்கள். அது பதிவு செய்த அறிவிப்பு, திரும்பத் திரும்ப ஓடும், சுமார் ஒரு மணிக்கு ஒருமுறை மாறும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. காற்று, பார்வைத் தூரம், மேகம், வெப்பம், அழுத்தம், இப்போது எந்த ஓடுபாதையில் இறங்குகிறார்கள், எதில் கிளம்புகிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கடைசி இரண்டும் தெரிந்துவிட்டால் அன்றைக்குப் பாதி வேலை முடிந்தது, இனிமேல் எந்த எண் காதில் விழும் என்று தெரியும். நேரம் உலக நேரத்தில் சொல்வார்கள், "ஜூலு" என்று முடியும், கோடையில் நம்முடையதோடு 4 மணி கூட்டிக்கொள்ளுங்கள். அதன்பிறகு 121.9, அதாவது தரையில் உருளும் விமானங்களை நடத்துகிற கிரவுண்ட். அதன்பிறகு, இறங்கவும் கிளம்பவும் அனுமதி தருகிற டவர். அப்ரோச் கடைசியில்தான்.

விமான நிலையத்தின் வரைபடம் ஒன்றை அச்சடித்து மேஜைமேல் ஒட்டிவையுங்கள். அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏவின் தளத்தில் இலவசம். அது இல்லாமல் கிரவுண்ட் கேட்பது வெட்டி வேலை.

ஜூன் 5

கருவி பற்றிக் கேட்டவருக்கு. விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ்வரை, ஏஎம் முறை. வீட்டு எஃப்எம் ரேடியோ 108-இல் நின்றுவிடும், அதனால் பிடிக்காது. ஸ்கேனரிலும் ஏஎம் என்று வைத்திருக்கிறதா பாருங்கள், எஃப்எம்மில் வைத்தால் குரல் நசுங்கித்தான் கேட்கும். நான் லேப்டாப்பில் சொருகுகிற ஆர்டிஎல்-எஸ்டிஆர் வைத்திருக்கிறேன், சல்லிசு. கூட வந்த குட்டி ஆன்டெனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு 60 சென்டிமீட்டர் கம்பி ஒன்றை ஜன்னலில் நிறுத்துங்கள். இந்த அலைவரிசைக்குக் கால் அலைநீளம் அவ்வளவுதான்.

"பைலட் கேட்கிறது, கன்ட்ரோலர் கேட்கவில்லை, ஸ்கேனர் பழுதா?" பழுதில்லை. இந்த அலை நேர்கோட்டில்தான் போகும். 35,000 அடியில் பறக்கிற விமானம் தரையில் இருக்கிற ஆன்டெனாவுக்கு 230 கடல் மைல் தூரத்திலிருந்தும் தெரியும், ஆனால் பக்கத்து ஊர் கன்ட்ரோலரின் கம்பத்தை நாலு கட்டடம் மறைத்துவிடும். நான் இருப்பது ஃப்ளோரல் பார்க், 22 லெஃப்டுக்கு இறங்குகிறவை தலைக்கு மேலேதான் போகும். விமானம் கத்துகிற மாதிரி கேட்கும், டவர் முனகுகிற மாதிரி கேட்கும். ராணுவ விமானம் வந்தால் தலைகீழ். கன்ட்ரோலர் மட்டும் யாரிடமோ தனியாகப் பேசிக்கொண்டிருப்பார், ஏனென்றால் மறுமுனை 225-க்கு மேலே யூஎச்எஃப்பில் பதில் சொல்கிறது.

கிளம்புமுன் எந்த வழியில் போவது என்று அனுமதி தருகிற கிளியரன்ஸ் டெலிவரி 135.05 வெறிச்சோடிக் கிடக்கிறதே என்றும் ஒருவர் கேட்டார். பெரிய விமானங்களுக்கு அந்த அனுமதி இப்போது எழுத்தாகவே காக்பிட்டுக்குப் போய்விடுகிறது. வழி மாறினால்தான் குரல் வரும். பழைய ஆட்கள் இதைச் சொல்லிப் புலம்புவார்கள்.

ஜூன் 6

"இந்தக் காலத்திலும் ஏஎம்மா, ஏன் நல்ல எஃப்எம்முக்கு மாறக்கூடாது" என்பவருக்குச் சுருக்கமாக. எஃப்எம்மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான அலை மட்டும் கேட்கும், மற்றவர் இருந்ததே தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதிக் கீச்சென்று ஒரு சத்தம் வரும். அசிங்கமான சத்தம்தான், ஆனால் யாரோ இன்னொருவர் பேசினார் என்று தெரிகிறது. உடனே வேறு யாராவது "பிளாக்ட்" என்று சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள்.

ஜூன் 11

கால்சைன்கள், அதாவது ரேடியோவில் விமானத்தைக் கூப்பிடுகிற பெயர்கள். இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். பாதி நிறுவனங்கள் தங்கள் பெயரைச் சொல்வதே இல்லை. ஸ்பீட்பேர்ட் என்றால் பிரிட்டிஷ் ஏர்வேஸ். ஷாம்ராக் என்றால் ஏர் லிங்கஸ். டைனஸ்டி என்றால் தைவானின் சைனா ஏர்லைன்ஸ். ஜெயண்ட் என்றால் அட்லஸ் ஏர், சரக்கு. பிரிக்யார்ட் என்றால் ரிபப்ளிக், சின்ன விமானங்கள், நியூயார்க்கின் இன்னொரு விமான நிலையமான லகார்டியாவில் நிறைய. ஏர் இந்தியா நல்ல பிள்ளையாக ஏர் இந்தியா என்றே சொல்லும். இண்டிகோ இங்கே வருவதில்லை, ஊரில் கேட்டால் ஐஃப்ளை.

எண்ணைச் சொல்கிற விதமும் குழப்பும். அமெரிக்கக் கன்ட்ரோலர் 1943-ஐ "நைன்டீன் ஃபார்ட்டி த்ரீ" என்று ஜோடி ஜோடியாகச் சொல்வார். வெளிநாட்டு பைலட் அதையே "ஒன் நைனர் ஃபோர் த்ரீ" என்று உதிரி உதிரியாகத் திருப்பிச் சொல்வார். இரண்டும் ஒரே விமானம். நம்ம ஊர்ப் பைலட்டுகள் இரண்டாவது கட்சி. உயரத்தில் மட்டும் இந்த ஜோடிக் கணக்கு கிடையாது. அமெரிக்காவில் 18,000 அடிக்குக் கீழே "த்ரீ தவுசண்ட்" மாதிரி அடிக்கணக்கு, அதற்கு மேல் "ஃப்ளைட் லெவல் த்ரீ ஃபைவ் ஜீரோ", பின்னால் இரண்டு பூஜ்யம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 12

ஹெவி என்றால் அன்றைக்குச் சுமை அதிகம் என்று அர்த்தமில்லை. 3,00,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் எடையோடு கிளம்பக்கூடிய ரகம் என்று அர்த்தம், காலியாகப் போனாலும் ஹெவிதான். ஏ380 மட்டும் "சூப்பர்". பின்னால் வருகிறவருக்காகத்தான் இந்தப் பட்டம். பெரிய இறக்கை விட்டுச்செல்லும் காற்றுச் சுழல் சின்ன விமானத்தைப் புரட்டிவிடும், அதனால் இடைவெளி கூட விட வேண்டும். நேற்று எழுதும்போதே இதைச் சொல்லியிருக்கலாம், பிரிக்யார்டில் மூழ்கிவிட்டேன்.

ஜூன் 20

வரைபடத்தை ஒட்டிவிட்டீர்கள் என்று நம்பி கிரவுண்டுக்கு வருகிறேன். கென்னடியில் 22 லெஃப்டில் இறங்கி 22 ரைட்டில் கிளப்புகிற நாள்தான் கேட்க ஏற்றது. இரண்டும் இணை ஓடுபாதைகள், முனையங்கள் மேற்குப் பக்கம், இறங்குகிற பாதை கிழக்குப் பக்கம். அதாவது இறங்கிய ஒவ்வொரு விமானமும் வீடு போய்ச் சேர, மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருக்கிற 22 ரைட்டைக் கடந்தாக வேண்டும். "ஹோல்ட் ஷார்ட் ஆஃப் டூ டூ ரைட்" என்றால் அதற்கு முன்னாலேயே நில். "கிராஸ் டூ டூ ரைட்" என்றால் கடந்து போ. ஹோல்ட் ஷார்ட் உத்தரவை பைலட் கால்சைனோடு திருப்பிச் சொல்லாவிட்டால் கன்ட்ரோலர் விடமாட்டார், எத்தனை நெரிசல் இருந்தாலும் மறுபடி கேட்டு வாங்குவார். சாதாரணமாகச் சிடுசிடுக்காத குரல்கள்கூட அந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகும்.

கடந்த பிறகு கிரவுண்ட், முனையங்களைச் சுற்றி ஆல்ஃபா, பிராவோ என்று இரண்டு வளையப் பாதைகள். "ரைட் ஆன் பிராவோ, கிவ் வே டு தி கம்பெனி" என்றால் வலப்பக்கம் பிராவோவில் திரும்பு, உன் நிறுவனத்து விமானமே எதிரே வருகிறது, அதற்கு வழிவிடு. கம்பெனி என்ற சொல் வந்தாலே அவரவர் நிறுவனம்தான்.

இன்னொன்று. "கான்டாக்ட் டவர்" என்றால் போய்ப் பேசு. "மானிட்டர் டவர்" என்றால் அந்த அலைவரிசைக்கு மாறி வாயை மூடிக்கொண்டு காத்திரு, அவர்களே கூப்பிடுவார்கள். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் "ஹலோ டவர், நான் வந்துவிட்டேன்" என்று ஆரம்பித்தால் இறங்குகிறவனுக்கு இடமிருக்காது.

ஜூலை 1

இன்று சாயங்காலம் இடிமழை. உங்களில் எத்தனை பேர் கேட்டீர்கள்? ஆறு மணியிலிருந்து அப்ரோச்சில் மூச்சுவிட இடமில்லை. எல்லாரும் மேகத்தைச் சுற்றிப்போக அனுமதி கேட்கிறார்கள், "டீவியேட் லெஃப்ட்", "டீவியேட் ரைட்", கன்ட்ரோலர் ஒருவருக்குச் சரி சொல்லி இன்னொருவருக்கு "அனேபிள்" சொல்கிறார். பிறகு காத்திருப்பு. "ஹோல்ட் அட் கேம்ரன் ஆஸ் பப்ளிஷ்ட், எக்ஸ்பெக்ட் ஃபர்தர் கிளியரன்ஸ்" என்று சொல்லி ஒரு நேரம் தருவார்கள். கேம்ரன் தெற்கே கடல்மேல் இருக்கிற புள்ளி, அங்கே நீள்வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், அந்த நேரம் வந்தால் மறுபடி பேசலாம். நேரத்தை ஏன் தருகிறார்கள் என்றால், அதுவரை சுற்ற எரிபொருள் இருக்கிறதா, இல்லை வேறு ஊருக்குப் போவதா என்று பைலட் கணக்குப் போட வேண்டுமே.

கேம்ரன் என்ற பெயர் கேட்டாலே எனக்கு அவியான்கா 52 ஞாபகம் வரும். 1990 ஜனவரி 25, பொகோட்டாவிலிருந்து மெதயின் வழியாக வந்த போயிங் 707. மோசமான வானிலை. நார்ஃபோக் பக்கம் ஒரு சுற்று, அட்லாண்டிக் சிட்டி பக்கம் ஒரு சுற்று, கடைசியாக கேம்ரனில் ஒரு சுற்று, மொத்தம் 1 மணி 17 நிமிடம் காத்திருக்க வைத்தார்கள். பைலட் தரப்பு "ப்ரையாரிட்டி" வேண்டும் என்றது. முதல் முறை இறங்க முடியாமல் மேலே ஏறியபோது எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னது. "எமர்ஜென்சி" என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. லாங் ஐலண்டில் கோவ் நெக் மலைச்சரிவில் விழுந்தது, 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். எரிபொருளே மிச்சமில்லாததால் தீப்பிடிக்கவில்லை. என் வீட்டிலிருந்து கோவ் நெக் காரில் கொஞ்ச நேரம்தான்.

ஜூலை 2

"அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் கன்ட்ரோலருக்குப் புரியாதா, இதென்ன சட்டம் பேசுவது" என்று கோபப்பட்டவருக்கு. நேற்று மாலையே பாருங்கள், எரிபொருள் பற்றி எத்தனை பேர் பேசினார்கள். மழை நாளில் எல்லாருக்குமே எரிபொருள் குறைவுதான், கன்ட்ரோலர் காதில் அது பின்னணி இரைச்சல். பதற்றமில்லாத குரலில் வழக்கமான தகவலோடு சேர்த்து ஒரு பைலட் சொன்னால், அது மற்றவர்கள் சொன்னதோடு கலந்துவிடும். அதனால்தான் இப்போது படிகள் தெளிவாக இருக்கின்றன. "மினிமம் ஃப்யூயல்" என்றால் இன்னும் அவசரம் இல்லை, ஆனால் இதற்கு மேல் தாமதம் தாங்காது. "மேடே ஃப்யூயல்" என்றால் அவசரம்தான், எல்லாரையும் ஒதுக்கு. நடுவில் வேறெதுவும் கிடையாது. "ப்ரையாரிட்டி" அந்தப் படிக்கட்டில் இல்லை.

மேடே சொன்னபிறகு வரும் முதல் கேள்வி பலருக்கு வினோதமாக இருக்கும்: "சோல்ஸ் ஆன் போர்டு அண்ட் ஃப்யூயல் ரிமெய்னிங்". உள்ளே மொத்தம் எத்தனை உயிர், எரிபொருள் எவ்வளவு. தீயணைப்புப் படைக்காகக் கேட்கிறார்கள்.

அனேபிள் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். "முடியாது", அவ்வளவுதான், காரணம் சொல்லத் தேவையில்லை. 2009 ஜனவரி 15-இல் லகார்டியாவிலிருந்து கிளம்பிப் பறவைகளில் மோதி இரண்டு எஞ்சினும் போன யூஎஸ் ஏர்வேஸ், கால்சைன் காக்டஸ் 1549. ஓடுபாதை 13 வேண்டுமா என்று கன்ட்ரோலர் கேட்கிறார், முடியாது, ஹட்சனில்தான் முடியும்போல என்று பதில். 155 பேரும் பிழைத்தார்கள். அந்தப் பதிவில் மேடே கேட்காது. பைலட் சொன்னார், காக்பிட் பதிவில் இருக்கிறது, ஆனால் அதே நொடியில் கன்ட்ரோலர் அவருக்கே இடப்பக்கம் 270-க்குத் திரும்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்போது அவருக்கு எதுவும் கேட்காது. கால்சைனையே பைலட் 1539 என்றார், கன்ட்ரோலர் 1529 என்றார். யாரும் திருத்திக்கொண்டு நிற்கவில்லை. கால்சைன் சரியாகப் பிடிபடவில்லையே என்று வருத்தப்படும் நண்பர்கள் இதை நினைத்து ஆறுதல் அடையலாம்.

ஜூலை 9

முதல் நாள் எழுதியதை மறுபடி படித்தேன். அடுத்து வருவது தெரிந்திருந்தால் புரியும் என்று ஒரு குறிப்பு மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அதற்கு மறுபக்கமும் இருக்கிறது: எதிர்பார்ப்பது சொல்லப்படாவிட்டாலும் காதில் விழும்.

1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவு, பனிமூட்டம், ஒரே ஓடுபாதையில் இரண்டு 747. கேஎல்எம் கிளம்பக் காத்திருக்கிறது, பான் ஆம் எதிரே அதே ஓடுபாதையில் உருண்டு வருகிறது. கேஎல்எம்முக்குக் கிடைத்தது கிளம்பியபின் எந்த வழியில் போவது என்கிற அனுமதி மட்டும்தான். கிளம்பும் அனுமதி வரவில்லை. ஆனால் அவர்கள் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்கள். "வீ ஆர் நவ் அட் டேக்ஆஃப்" என்று சொல்லி உருளத் தொடங்கினார்கள். டவர் "ஓகே" என்றது, பிறகு, பொறு, நான் கூப்பிடுகிறேன் என்றது. பின்பாதி பேசும்போதே பான் ஆம் நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பேச, இரண்டும் மோதி, நான் ஜூன் 6-இல் சொன்னேனே, அந்தக் கீச்சு. கேஎல்எம் காக்பிட்டில் தெளிவாகக் கேட்டது ஓகே மட்டும். 583 பேர் இறந்தார்கள். ஏஎம் என்றால் மோதியது தெரியும் என்று பெருமையாக எழுதினேன். தெரியும்தான், திரும்பக் கேட்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும்.

இப்போது டேக்ஆஃப் என்ற சொல்லை அனுமதி கொடுக்கவும் அதை ரத்து செய்யவும் மட்டும்தான் பயன்படுத்துவார்கள். மற்ற நேரமெல்லாம் "டிபார்ச்சர்". ஓடுபாதையில் ஏறி நில் என்பதற்கு "லைன் அப் அண்ட் வெயிட்". அமெரிக்காவில் இது 2010 செப்டம்பர் 30-இல்தான் வந்தது, அதற்கு முன் "பொசிஷன் அண்ட் ஹோல்ட்". ஸ்கேனரில் அரை மணி கேளுங்கள், தேவையில்லாத இடத்தில் டேக்ஆஃப் வருகிறதா பாருங்கள். கென்னடியில் நான் கேட்டவரை மிக அரிது.

ஜூலை 10

"அப்படியானால் ரீட்பேக் ஒழுங்காக இருந்தால் போதும், எல்லாம் பத்திரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். 2023 ஜனவரி 13 இரவுப் பதிவைக் கேட்டபிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

அமெரிக்கன் 106, லண்டன் போகிற 777, உத்தரவு: 31 லெஃப்டைக் கிலோ என்கிற இணைப்புப் பாதை வழியாகக் கடந்து போ. ரீட்பேக் அச்சுப் பிசகாமல் வந்தது. ஆனால் விமானம் ஜூலியட் என்கிற வேறு பாதையில் திரும்பி 4 லெஃப்டைக் கடந்தது. அதே 4 லெஃப்டில் டெல்டா 1943, சாண்டோ டொமிங்கோ போகிற 737, அனுமதி பெற்று வேகமெடுத்து வந்துகொண்டிருந்தது. கன்ட்ரோலர் முதலில் ஒரு கெட்ட வார்த்தை, அப்புறம் "கேன்சல் டேக்ஆஃப் பிளான்ஸ்", இரண்டு தடவை. புத்தகப்படி "கேன்சல் டேக்ஆஃப் கிளியரன்ஸ்" என்றிருக்க வேண்டும். டெல்டாவில் இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை, பிரேக் போட்டார்கள். குறுக்கே போன பாதைக்குச் சுமார் 1,000 அடி முன்னால் நின்றது.

அதாவது ரேடியோவில் எல்லாம் சரி. உத்தரவு சரி, பதில் சரி. ஸ்கேனர் வைத்திருந்த யாருக்கும் அந்த நிமிஷம் எதுவும் தப்பாகத் தெரிந்திருக்காது. காப்பாற்றியது, தரையில் ஓடுவதைக் கண்காணிக்கும் ரேடார் எழுப்பிய எச்சரிக்கையும் டவரில் இருந்தவர்களும்தான். அதனால் இப்போதெல்லாம் நான் கேட்கும்போது பக்கத்தில் திரையில் விமானங்களின் இருப்பிடத்தையும் திறந்து வைத்துக்கொள்கிறேன். 1090 மெகாஹெர்ட்ஸில் அவை தாமே சொல்லிக்கொண்டு போவதை அதே சல்லிசு சாதனமே பிடிக்கும், இன்னொன்று வாங்கிச் சொருகினால் போதும். சொன்னதும் செய்ததும் ஒன்றா என்று பார்ப்பது தனி ருசி.

ஜூலை 27

ரொம்பக் கனமாகப் போய்விட்டது. 121.5 வைத்தேன், பூனை கத்துகிறது, என் ஸ்கேனரில் ஏதோ கோளாறு என்று எழுதியவருக்கு: கோளாறில்லை, பைலட்டுகள்தான். அது கார்ட் என்று அழைக்கப்படுகிற அவசர அலைவரிசை, வானத்தில் இருக்கிற எல்லாரும் இரண்டாவது ரேடியோவில் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரவில் சலிப்புத் தட்டினால் யாரோ ஒருவர் "மியாவ்" என்பார், நூறு மைல் தள்ளி இன்னொருவர் பதில் மியாவ். அப்புறம் ஒரு பெரியவர் "கார்ட்!" என்று அதட்டுவார், அதற்கும் மியாவ். யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. முதிர்ந்த ஆட்கள், நாலு கோடு போட்ட கேப்டன் சட்டை.

இன்னொரு வேடிக்கை, அவர்களுக்கு வேடிக்கை அல்ல. "ஐ ஹாவ் எ நம்பர் ஃபார் யூ, அட்வைஸ் ரெடி டு காப்பி." குரல் ரொம்ப மரியாதையாக இருக்கும். இறங்கியதும் இந்த எண்ணுக்குப் போன் பண்ணு, நீ ஏதோ விதி மீறியிருக்கலாம் என்று அர்த்தம். அந்த அலைவரிசையில் மற்ற எல்லாருடைய ரீட்பேக்கும் அடுத்த பத்து நிமிஷம் பரீட்சை எழுதுகிற மாதிரி அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

ஆகஸ்ட் 16

ஊருக்குப் போகும்போது ஸ்கேனரைக் கொண்டுபோகலாமா, மீனம்பாக்கம் கேட்கலாமா? வேண்டாம். இந்தியாவில் வயர்லெஸ் கருவிகளுக்கு உரிமம் சம்பந்தப்பட்ட சட்டம் ரொம்பப் பழையது, 1933-லிருந்து இருந்தது, இப்போது 2023 சட்டம். கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். பிரிட்டனிலும் கேட்பது சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் 1986 சட்டம் விமானப் பேச்சைக் கேட்பதை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது, தைரியமாகக் கேளுங்கள். ஒன்றே ஒன்று, நியூயார்க் மாநிலத்தில் போலீஸ் அலைவரிசை பிடிக்கக்கூடிய ஸ்கேனரைக் காரில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள், அமெச்சூர் ரேடியோ உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு.

மீனம்பாக்கத்து ஓடுபாதைகள் 07/25-உம் 12/30-உம். வங்காள விரிகுடாவில் பெரும்பரப்பு சென்னைக் கன்ட்ரோலர்கள் கையில்தான் இருக்கிறது. கடலுக்கு நடுவே இந்த நேர்கோட்டு அலை எட்டாது என்பதால் அங்கே தொலைதூரம் எட்டுகிற எச்எஃப் ரேடியோவும், எழுத்தில் அனுப்பும் செய்திகளும்.

ஆகஸ்ட் 31

நேற்று ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நின்றபோது பக்கத்தில் இருந்தவர், ஒரு நாள் விமானம் தலைக்கு மேல் விடாமல் போகிறது, ஒரு நாள் சுத்தமாக இல்லை, ஏன் என்று கேட்டார். லகார்டியா ஓடுபாதை 13-இல் கிளப்பினால் ஃப்ளஷிங் மேலேதான். அந்த வழிக்கு டென்னிஸ் என்றே பெயர், ஐந்தெழுத்துக்காக ஒரு எழுத்தை விழுங்கி எழுதுவார்கள். டென்னிஸ் மைதானம் பக்கத்திலேயே இருப்பதால் வைத்தது. ஸ்கேனரில் "டென்னிஸ் கிளைம்ப்" என்று கேட்டால் விளையாட்டுச் செய்தி என்று நினைக்காதீர்கள்.

ஜூன் மாதம் கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். ஏடிஸ் முழுதும் எழுதிவிட்டாராம், டவரில் முக்கால்வாசி பிடிபடுகிறதாம், ஆனால் ஒன்று இடிக்கிறது: "'நம்பர் த்ரீ, கிளியர்ட் டு லேண்ட்' என்கிறார். முன்னால் இரண்டு பேர் இறங்கவே இல்லை, எப்படி அனுமதி? நான் தப்பாகக் கேட்டேனா?" சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் அப்படிக் கொடுக்கலாம். உன் முறை வரும்போது பாதை காலியாக இருக்கும் என்று கன்ட்ரோலர் எதிர்பார்த்தால் முன்கூட்டியே அனுமதி. காலியாகாவிட்டால் "கோ அரவுண்ட்" சொல்லி மேலே ஏற்றிவிடுவார். அது விபத்தும் இல்லை, மயிரிழையில் தப்பியதும் இல்லை, சாதாரண விஷயம். மற்ற பெரும்பாலான நாடுகளில் முன்னால் இருப்பவர் பாதையை விட்டு வெளியேறும் நேரத்தில்தான் அடுத்தவருக்கு அனுமதி. அதனால்தான் இங்கே வருகிற வெளிநாட்டு பைலட்டுகள் சிலர் "கன்ஃபர்ம் கிளியர்ட் டு லேண்ட்?" என்று இன்னொரு தடவை கேட்பார்கள். கேட்கட்டும், கேட்பது நல்லதுதான். அப்ரோச்சுக்குப் போகிறேன் என்றீர்களே, காலை வேண்டாம், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் போங்கள், ஐரோப்பா கூட்டம் மொத்தமாக வரும்.